டோட்டல் கவுண்ட்: வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சொல்வது என்ன?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபினுக்கு அடுத்தபடியாக அச்சாகும் வரி ‘டோட்டல் கவுண்ட்’. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எத்தனை என்பதே அந்த எண். வளர்ந்தவர்களுக்கு அது பொதுவாக 4,000-க்கும் 11,000-க்கும் இடையில் இருக்கும். அதற்குக் கீழே ‘டிஃபரன்ஷியல் கவுண்ட்’ என்ற தலைப்பில் ஐந்து பெயர்களும் ஐந்து சதவீதங்களும் வரும்.

தூத்துக்குடியில் காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறவர் துறைமுகத்தில் சுமை ஏற்றுபவராக இருக்கலாம். உப்பளத்தில் உப்பு வாருபவராகவோ, ஆழ்கடலில் சங்கு குளிப்பவராகவோ இருக்கலாம். பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது இந்தப் பரிசோதனைதான். செலவு குறைவு, ஊசி ஒன்று போதும், வெறும் வயிறு தேவையில்லை, சில மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிடும். அறிக்கையைக் கையில் வாங்கியவரின் கண் தடித்த எழுத்தில் அச்சான எண்ணில்தான் நிற்கும். ஆனால் அந்த எண் எந்த நோயின் பெயரும் அல்ல. எந்த வகை அணு கூடியது அல்லது குறைந்தது, முந்தைய அறிக்கையிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது, நோயாளியின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

பிறப்பும் வாழ்வும்

வெள்ளை அணுக்கள் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. சிவப்பணுக்களும் தட்டணுக்களும் அங்கேதான் உருவாகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். தட்டணுக்கள் ஒன்றரை முதல் நாலரை லட்சம். வெள்ளை அணுக்களோ சில ஆயிரம் மட்டுமே. எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தாலும் உற்பத்தி ஓய்வதே இல்லை. நியூட்ரோஃபில் என்ற ஒரு வகையை மட்டும் மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உருவாக்குகிறது. அவை ரத்தத்தில் சில மணி நேரமே சுற்றிவிட்டுத் திசுக்களுக்குள் நுழைகின்றன.

ரத்தத்தில் உள்ள எல்லா நியூட்ரோஃபில்களும் ஓட்டத்தோடு போவதில்லை. ஏறத்தாழ பாதி, ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டி நிற்கும். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் இவை வருவதில்லை, எனவே எண்ணிக்கையிலும் சேர்வதில்லை. கடுமையான உடலுழைப்பு, பயம், வலி, வலிப்பு ஆகியவற்றின்போது இவை சுவரை விட்டு ஓட்டத்தில் கலந்துவிடும். அப்போது தொற்று எதுவும் இல்லாமலே எண்ணிக்கை உயரும். மூட்டை தூக்கிவிட்டு நேரே ஆய்வகத்துக்கு வந்தவரின் கவுண்ட், அவரே ஓய்வாக அமர்ந்திருந்தபின் எடுத்ததைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு முன் சற்று நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது.

கடலுயிர் கற்றுத் தந்த பாடம்

வெள்ளை அணுக்கள் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு விடை ஒரு கடலுயிரிடமிருந்து கிடைத்தது. 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளைத் தேடிச் சென்று விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்ற கருத்து இப்படிப் பிறந்தது. இதற்காக அவருக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் எர்லிக், சாயம் ஏற்றும் முறையால் வெள்ளை அணுக்களை வகை பிரித்துக் காட்டியவர்.

மன்னார் வளைகுடாவின் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் வாழும் முத்துச்சிப்பியிடமும் இதே ஏற்பாடு உண்டு. சிப்பியின் நிறமற்ற ரத்தத்தில் ஹீமோசைட் என்ற அணுக்கள் ஓடுகின்றன. கிருமியை விழுங்குவதும் காயத்தை மூடுவதும் அவற்றின் வேலை. தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்புகள் 1961-ஓடு நின்றுபோயின. அதன்பின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியும் அவரது குழுவினரும் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் முத்து வளர்ப்பில் இறங்கி, 1973-இல் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தனர். சிப்பியின் உடலைச் சிறிதாகக் கீறி, சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியையும், இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டிய மெல்லிய திசுவின் துண்டு ஒன்றையும் உள்ளே வைப்பதுதான் அந்த முறை. கீறல் விழுந்ததும் முதலில் வந்து குவிபவை ஹீமோசைட்டுகள். அவை காயத்தை ஆற்றுகின்றன. வைத்த திசு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப்பொருளைச் சுரக்கிறது. உலகெங்கும் சிப்பி வளர்ப்பு ஆய்வுகளில் ஹீமோசைட் எண்ணிக்கை சிப்பியின் நலத்துக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது. மனிதருக்கு டோட்டல் கவுண்ட் எப்படியோ, சிப்பிக்கு அது அப்படி. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒருமுறை சந்தித்த கிருமியை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருள் உருவாக்கும் லிம்ஃபோசைட்டுகள் சிப்பிக்குக் கிடையாது. முதுகெலும்புள்ள உயிர்களுக்கே உண்டு.

எண்ணும் விதம்

சிறிய ஆய்வகங்களில் நெடுங்காலம் கைக்கணக்குதான். ஒரு பங்கு ரத்தம் இருபது பங்காகும்படி, அசிட்டிக் அமிலமும் ஊதாச் சாயமும் கலந்த திரவத்தில் நீர்க்க வைப்பார்கள். அமிலம் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும்; சாயம் வெள்ளை அணுக்களின் உட்கருவில் ஏறும். கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டு, நான்கு மூலைக் கட்டங்களில் தெரியும் அணுக்களை எண்ணுவார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர மில்லிமீட்டர். ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டர். நான்கு கட்டங்களிலும் சேர்த்துக் கிடைத்த எண்ணை 50-ஆல் பெருக்கினால் டோட்டல் கவுண்ட் வந்துவிடும். 160 அணுக்கள் தென்பட்டால் கவுண்ட் 8,000.

வகை பிரிக்க வேறு வேலை. கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை மெல்லிய படலமாக இழுத்து, உலரவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றி, நூறு வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரிடுவார்கள். இன்று இரண்டையும் இயந்திரம் ஒரு நிமிட அளவில் செய்துவிடுகிறது. நுண்துளை வழியே அணு கடக்கும்போது மின்னோட்டத்தில் ஏற்படும் தடையை வைத்து எண்ணும் முறைக்கு அமெரிக்கரான வாலஸ் கூல்டர் 1953-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவிகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை. ஆயினும் இயந்திரம் சந்தேகக் குறி காட்டும்போது, படலத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு ஈடில்லை. புற்று அணுவையும் மலேரியாக் கிருமியையும் உறுதிசெய்வது பெரும்பாலும் அந்தக் கண்ணாடிச் சில்லுதான்.

ஐந்து வகை, ஐந்து வேலை

வளர்ந்தவர்களின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 40 முதல் 75 சதவீதம். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விழுங்கும் முன்னணிப் படை இது. லிம்ஃபோசைட் 20 முதல் 45 சதவீதம். வைரஸ் பாதித்த அணுக்களை அழிப்பதும் எதிர்ப்பொருள் உருவாக்குவதும் இதன் பணி. மோனோசைட் 2 முதல் 10 சதவீதம். திசுவுக்குள் போய்ப் பெரிதாகி, இறந்த அணுக்களையும் காசநோய்க் கிருமி போன்றவற்றையும் விழுங்கும். ஈசினோஃபில் 1 முதல் 6 சதவீதம். புழுக்களுக்கும் ஒவ்வாமைக்கும் உரியது. பேசோஃபில் ஒரு சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். டோட்டல் கவுண்ட் 2,000, லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்றால் லிம்ஃபோசைட் கூடிவிட்டதாகத் தோன்றும். கணக்கிட்டால் அது 1,200 மட்டுமே, இயல்பான அளவுதான். உண்மையில் குறைந்திருப்பது நியூட்ரோஃபில். டோட்டல் கவுண்டைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கிடைக்கும் ‘அப்சல்யூட் கவுண்ட்’தான் மருத்துவர் பார்க்கும் எண். நியூட்ரோஃபிலுக்கு அது ஏறத்தாழ 2,000 முதல் 7,000 வரை, ஈசினோஃபிலுக்கு 500-க்குள்.

வயதும் நிலையும் அளவை மாற்றும். பிறந்த குழந்தைக்கு 20,000 என்பதுகூட இயல்பாக இருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு லிம்ஃபோசைட்தான் பெரும்பான்மை. கர்ப்பிணிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் எண்ணிக்கை சற்றுக் கூடும். ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு நியூட்ரோஃபில் உயரும். அதைத் தொற்று என்று எண்ணிவிடக் கூடாது.

கூடும்போது

நியூட்ரோஃபில் உயர்வுக்கு மிகப் பொதுவான காரணம் பாக்டீரியாத் தொற்று. நிமோனியா, குடல்வால் அழற்சி, சிறுநீரகத் தொற்று, சீழ்க்கட்டி ஆகியவற்றில் கவுண்ட் 15,000, 20,000 என்று ஏறும். காலில் சிப்பியோ கம்பியோ கிழித்த காயத்தைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடரும் சர்க்கரை நோயாளிக்கு, வலி குறைவாக இருக்கும்போதே கவுண்ட் ஏறியிருக்கக்கூடும். நரம்பு மரத்துப்போனதால் காலில் வலி தெரியாமல் போன நிலையில், அந்த எண் காலைக் காப்பாற்றும் எச்சரிக்கையாகிவிடும்.

தேவை மிகும்போது மஜ்ஜை முழுதாக முதிராத நியூட்ரோஃபில்களையும் வெளியே அனுப்பும். அறிக்கையில் ‘பேண்ட் ஃபார்ம்’, ‘ஷிஃப்ட் டு லெஃப்ட்’ என்று எழுதியிருந்தால் பொருள் இதுவே. கடும் தொற்றில் எண்ணிக்கை கூடாமல் திடீரெனக் குறைவதும் உண்டு. முதியவருக்குக் காய்ச்சல், குழப்பம், குறைந்த ரத்த அழுத்தம் இருக்க, கவுண்ட் 3,000-க்கு இறங்கியிருந்தால் அது ஆறுதல் தரும் செய்தி அல்ல, ஆபத்தின் அறிகுறி. தீக்காயம், மாரடைப்பு, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை ஆகியவற்றிலும் தொற்றில்லாமலே நியூட்ரோஃபில் உயரும். ஆகவே கவுண்ட் கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது முறையல்ல.

காய்ச்சல் காலம்

தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்துவைத்துப் புழங்கும் ஊர்களில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு எளிதாகப் பெருகும். வறண்ட கடலோர நகரங்களில் டெங்கு ஒரு மழைக்காலக் கவலை மட்டும் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

டெங்குவில் வீட்டார் அனைவரும் தட்டணுக்களையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலில் இறங்குவது வெள்ளை அணு. காய்ச்சலின் தொடக்க நாட்களில் கவுண்ட் 5,000-க்குக் கீழே படிப்படியாக இறங்குவது டெங்குவைச் சந்தேகிக்க வைக்கும் துப்பு. வெள்ளை அணு இறங்கியபின் தட்டணுக்கள் வேகமாகக் குறையும். அதையொட்டி ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் கட்டம் வரும். பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் அது நேர்கிறது. காய்ச்சல் விட்டதும் நோய் போய்விட்டது என்று நினைத்துக் கவனம் தளரும் அந்த ஓரிரு நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலிருந்து ரத்தம், சோர்வு ஆகியவற்றோடு ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, உயர்வதையும் மருத்துவர் கவனிப்பார். குணமாகும்போதும் வெள்ளை அணு முதலில் ஏறும். தட்டணு பின்னால் வரும்.

டைஃபாய்டிலும் கவுண்ட் கூடாமல் இயல்பாகவோ குறைந்தோ இருப்பதுண்டு. ஈசினோஃபில் பெரும்பாலும் காணாமல் போகும். எலிக்காய்ச்சலில் நியூட்ரோஃபில் உயர்வது வழக்கம். மலேரியாவில் கவுண்ட் பெரும்பாலும் இயல்பாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும். இவை வழிகாட்டும் குறிகள்தாம். நோயை உறுதிசெய்ய ரத்தக் கல்ச்சர், டெங்கு என்.எஸ்.1, ரத்தப்படலம் போன்ற தனிப் பரிசோதனைகள் தேவை.

ஈசினோஃபிலியா: மதராஸ் மாகாணம் கண்ட நோய்

‘ஈசினோஃபிலியா’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வீடுகள் நோயின் பெயராகவே பயன்படுத்துகின்றன. உண்மையில் அது ஈசினோஃபில் கூடியிருக்கிறது என்ற செய்தி மட்டுமே. ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை, குடற்புழு, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடப்பவருக்குக் கொக்கிப்புழுவும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவும் தோல் வழியே புகக்கூடும். இரண்டாவது புழு உள்ளிருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். காரணம் தேடாமல் ஈசினோஃபிலை மாத்திரையால் அடக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இந்த அணு எண்ணிக்கை ஒரு புதிய நோயையே அடையாளம் காட்டிய வரலாறு நம் அருகில் நடந்தது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலிருந்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனைக்கு இருமலும் இளைப்பும் எடைக்குறைவுமாகச் சிலர் வந்தனர். நெஞ்சு எக்ஸ்ரே காசநோய்போல் இருந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனால் ரத்தத்தில் ஈசினோஃபில் ஏராளமாக இருந்தது. அங்கு பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் இதை எழுதி வெளியிட்டனர். 1943-இல் வைன்கார்டன் இதற்கு ‘டிராபிகல் ஈசினோஃபிலியா’ என்று பெயரிட்டார். யானைக்கால் நோயின் ஃபைலேரியா நுண்புழுக்களுக்கு நுரையீரல் காட்டும் மிகையான எதிர்வினை இது என்பது பின்னர் தெளிவானது. இரவில் வாட்டும் இருமலோடு ஈசினோஃபில் 3,000-ஐத் தாண்டுவது இதன் அடையாளம்.

இதைக் குணமாக்கும் டைஎத்தில்கார்பமசீன் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வகத்தில் 1940-களில் உருவானது. காசநோய் என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியவர், சரியான அணுக்கணக்கால் சில வார சிகிச்சையில் குணமடைய முடிகிறது.

குறையும்போது

நியூட்ரோஃபில் 1,500-க்குக் கீழே போனால் குறைவு. 500-க்குக் கீழே போனால் கடும் குறைவு. வைரஸ் காய்ச்சலில் தற்காலிகமாகக் குறைந்து தானே சரியாவதுண்டு. பி12, ஃபோலிக் அமிலக் குறைபாடு, மஜ்ஜை செயலிழப்பு, மண்ணீரல் வீக்கம் ஆகியவை பிற காரணங்கள். மருந்துகளும் குறைக்கும். தைராய்டுக்கு கார்பிமசோல் எடுப்பவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் அன்றே கவுண்ட் பார்க்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் குளோசபின் எடுப்பவர்களுக்கு முறையான இடைவெளியில் இந்தப் பரிசோதனை கட்டாயம்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். அந்நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழ் பிடிக்கக்கூட அணுக்கள் இல்லாததால் தொற்று வெளியே தெரியாமல் பரவும்.

லிம்ஃபோசைட் குறைவின் மிக முக்கியமான பாடத்தை எச்.ஐ.வி. கற்பித்தது. இந்தியாவில் அந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். எச்.ஐ.வி. அழிப்பது சி.டி.4 என்ற வகை லிம்ஃபோசைட்டை. இயல்பாக 500-க்கு மேல் இருக்க வேண்டிய இது 200-க்குக் கீழே இறங்கினால் பிற தொற்றுகள் எளிதில் தாக்கும். இன்று மருந்தைத் தவறாமல் எடுப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை மீண்டும் உயர்கிறது. நெடுநாள் நலமாக வாழ முடிகிறது.

அச்சமும் அளவும்

கவுண்ட் கூடினாலே ரத்தப் புற்றுநோய் என்று அஞ்சுவோர் உண்டு. அது அரிது. கடும் தொற்றில்கூட எண்ணிக்கை 50,000-ஐத் தொடலாம். புற்றுநோயைச் சுட்டுவது எண்ணின் உயரத்தைவிட அணுவின் தோற்றம்: மஜ்ஜையில் மட்டுமே இருக்க வேண்டிய ‘பிளாஸ்ட்’ எனும் இளம் அணுக்கள் ரத்தத்தில் தெரிவது. சில லுக்கேமியாக்களில் கவுண்ட் இயல்பாகவோ குறைந்தோ இருப்பதும் உண்டு. ரத்தசோகை, தட்டணுக் குறைவு, காரணமில்லாமல் தோலில் தோன்றும் ரத்தக்கட்டுகள், கழுத்துக் கட்டிகள், விடாத காய்ச்சல் ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது.

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா பலருக்கு வேறு காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. கவுண்ட் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தாலும் ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். 2001-இல் அங்கீகாரம் பெற்ற இமாடினிப் மாத்திரை அதைக் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோயாக மாற்றிவிட்டது. குழந்தைகளின் லுக்கேமியாவில் முதல் வழியைத் திறந்ததும் சுப்பாராவின் ஆய்வகம்தான். அங்கே தயாரான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் அறிவித்தார். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் சிகிச்சையில் இருக்கிறது. தமிழகத்தில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் இந்நோய்களுக்கான நெடுங்கால மையங்கள்.

அறிக்கையைக் கையாளும் முறை

ஆய்வகம் ஒவ்வொன்றும் தன் இயல்பு வரம்பை அறிக்கையிலேயே அச்சிடும். ஒப்பிட வேண்டியது அந்த வரம்போடுதான். வரம்பை ஓரிரு நூறு தாண்டியிருப்பது, உடல் நலமாக இருப்பவருக்கு, பெரும்பாலும் பொருளற்றது. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் ஒரே உறையில் வைத்திருப்பது பெரிய உதவி. ஒருவருக்கு எப்போதும் 4,200 இருந்துவந்தால் அது அவருடைய இயல்பு. எப்போதும் 9,000 இருந்தவருக்குத் திடீரென 4,200 வந்தால் அது கேள்வி. எடுத்துக்கொள்ளும் மருந்துகள், நாட்டு மருந்து உட்பட, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சல், இருமல், காயம் எதற்காக எடுத்த பரிசோதனை என்பதும் அது எத்தனையாவது நாள் என்பதும் தெரிந்தால்தான் மருத்துவரால் எண்ணைச் சரியாக வாசிக்க முடியும். அறிக்கையை மட்டும் கைபேசியில் அனுப்பி மருந்து கேட்பது இந்த வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிடும். நோயாளி நேரில் போய், நாடியையும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் பார்த்தபிறகே டோட்டல் கவுண்ட் முழுப் பொருளோடு சிகிச்சைக்குப் பயன்படும்.